சோடி இல்லாத கட்டை

வெள்ளிக்கிழமைகளில் நம் பள்ளிக்கூடம் ஜும்மாத் தொழுகைக்காகப் பதினொன்றரைக்கே விட்டுவிடும். ஞாபகம் இருக்கிறதா? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி வரைக்கும் நாம் ஐந்தாறு சிநேகிதிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நடப்போம். அங்கே நீங்கள் எல்லோரும் ஒரு பக்கம் திரும்பிவிடுவீர்கள். நான் "வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பாலத்தைக் கடப்பேன். அது பொய். ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் நேரே வீட்டுக்குப் போனதில்லை.

இத்தனை வருடமாக உங்கள் வீட்டுக் கல்யாணம், கந்தூரி, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் என்று ஒன்றையும் விடாமல் வந்து, பழைய கதைகளையே புதிதுபோல் பேசிச் சிரித்துவிட்டுப் போகிறேன். இந்தக் கதையை மட்டும் சொன்னதில்லை. அறுபதைத் தாண்டியாயிற்று, இரண்டு முழங்காலும் போய்விட்டன, இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது? குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களில் இரண்டு பேருக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நான் போனது ஒரு கடைசல் பட்டறைக்கு. கடைகளுக்குப் பின்னால், மகாவலிப் பக்கமாகச் சரிகிற நிலத்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. உள்ளே மோட்டார் வைத்த ஒரு கடைசல் மெஷின். கட்டையை இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டிச் சுழலவிட்டு, உளியைப் பிடித்தால் மேசைக்கால், கட்டில்கால், படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பு என்று உருண்டு திரண்டு வரும். அப்பாதான் அங்கே பிரதான கடைசல்காரர். முதலாளி முஸ்லிம். இன்னும் இரண்டு பேர் வேலை செய்தார்கள், அவர்களும் முஸ்லிம்கள். ஐந்தாவது ஆள் என் அம்மா. அப்பா கடைந்து போடும் கால்களைச் சேண்ட்பேப்பரால் தேய்த்துப் பொலிஷ் போடுவது அவளுடைய வேலை. அவளுடைய விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. நகங்களைச் சுற்றி எப்போதும் செம்மண் நிறத்தில் பொலிஷ் படிந்திருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

உங்களிடம் நான் சொல்லி வைத்திருந்தது வேறு. அப்பா கட்டில் மேசை செய்யும் தளபாடக் கம்பெனியில் வேலை, அம்மா வீட்டில். நம் வகுப்பில் யாருடைய அம்மாவும் வேலைக்குப் போகவில்லை, அதுவும் இப்படி ஒரு வேலைக்கு. பெற்றோர் கூட்டங்களுக்கு அப்பா மட்டும்தான் வருவார். அம்மாவை நீங்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. எதையும் ஒற்றையாகக் கடைய மாட்டார்கள். கால் என்றால் நான்கு, கைப்பிடிக் கம்பு என்றால் டசின் கணக்கில். முதலாளியிடம் வெட்டுக் குறிகள் போட்ட ஓர் அளவுத்தடி இருந்தது. முடிந்த காலின் பக்கத்தில் அதை வைத்துப் பார்ப்பார். மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர வேண்டும். சேரவில்லை என்றால், "இது ஒத்த. அடுப்புக்கு" என்று மூலையில் எறிவார். சாயங்காலம் அவற்றை அம்மா சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவாள். எங்கள் வீட்டுச் சோறு முழுக்க சோடி சேராத கால்களில் வெந்ததுதான்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், மழை ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள், அப்பா ஒரு கட்டையை அவசரமாக மாட்டிவிட்டார். நடு தப்பிவிட்டது. மோட்டாரைப் போட்டதும் மெஷின் தடதடவென்று ஆடியது. அப்பா கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு நிறுத்தப் போனார். பொலிஷ் துணியோடு நின்றிருந்த அம்மா, "கொஞ்சம் நிப்பாட்டாதீங்க" என்றாள்.

"ஏன், மெஷின் ஒடயணுமா?"

"பாருங்களேன். உள்ளுக்குக் கட்ட ஒன்னு தெரியுது. அதச் சுத்தி வெளிய நெழலு மாதிரி இன்னொன்னு. நின்னா இது ரெண்டுமே இருக்காது."

நானும் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நடுவில் கனமாக ஒன்று தெரிந்தது, அதைச் சுற்றி மெல்லிய புகைபோல இன்னோர் உரு அசையாமல் நின்றது. அப்பா மோட்டாரை நிறுத்தினார். வெறும் கட்டை.

"நடு தப்பினா அது கட்ட இல்ல, வெறகு" என்றார் அப்பா. அவருக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, முதலாளி தொப்பியை மாட்டிக்கொண்டு ஜும்மாவுக்குப் புறப்படும்போது, அவள் போய் முன்னால் நின்றாள். "முதலாளி, நீங்க பள்ளிக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் நான் மெஷினத் தொடலாமா?"

முதலாளி அவளையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒங்களுக்கு ஏலுமா தங்கச்சி? கைய வெட்டிக்கிட்டா நான் என்ன பதில் சொல்ற?"

"ஏழு வருசமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"சரி. மெஷின் சும்மாதானே ஈக்கிது. எடுத்துப் பாவிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் செய்த பெரிய பிழையும் நல்ல மனத்தோடு செய்ததுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படியாக வெள்ளிக்கிழமை தோறும் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரை அந்த மெஷின் அம்மாவுடையது. முதலாளியும் மற்ற இரண்டு பேரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். அப்பா சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, முகத்தைப் பேப்பரால் மூடிக்கொண்டு பலகை அடுக்கின் மேல் படுத்துவிடுவார். தூங்கினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். நான் சட்டையை மரத்தூளில் அழுக்காக்கிக்கொள்ளாமல் ஒரு கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் நான்கு வெள்ளியும் விறகுக் கட்டைகளில் பழகினாள். ஐந்தாவது வெள்ளிக்குத் தனக்கென்று ஒரு மரம் கொண்டு வந்தாள். நீங்கள் யாரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள். தேயிலைத் தூர். கம்பளைக்கு மேலே அவள் பிறந்த தோட்டத்தில், ஒரு மலை முழுக்கப் பழைய தேயிலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா அதில் ஒரு பெரிய தூரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸின் பின் சீட்டில் வைத்துக் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டடிக்குக் கொஞ்சம் அதிகம். அடிப்பக்கம் வேரெல்லாம் முறுக்கிக்கொண்டு, இடுக்கெல்லாம் மண்.

"ஊர்ல மரமா இல்ல? சப்பு இருக்கு, பலா இருக்கு. போயும் போயும் தேயில" என்று அப்பா பேப்பருக்கு அடியிலிருந்து சொன்னார்.

"இதோட எலய ஒலகமே பாத்துருக்கு. உள்ள என்ன இருக்குன்னு யாராவது பாத்தாங்களா?" என்றாள் அம்மா.

உள்ளே கல் இருந்தது. அதுதான் முதலில் தெரிந்தது. தேயிலை வேர் வளரும்போது கல்லையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வளர்ந்துவிடுமாம். உளி பட்டதும் ஒரு கல் தெறித்துப் பறந்து, முதலாளியின் கதிரைப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கிளாஸை உடைத்தது. பச்சை நிறத்தில் பூ வரைந்த கிளாஸ், அவருடைய வாப்பா மக்காவிலிருந்து கொண்டு வந்தது. அதுபோல் ஒன்றை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

முதலாளி திரும்பி வந்து கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். கோபத்தில் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "கிளாஸ் போனா போகுது. ஒங்கட கண்ணு போயிருந்தா? இதோட விட்டுடுங்க தங்கச்சி" என்றார்.

அம்மா விடவில்லை. அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்த பிறகு, ஒரு சாக்கூசியை வைத்துக்கொண்டு அந்தத் தூரைக் குத்திக் குத்திக் கற்களை எடுத்தாள். சின்னதும் பெரியதுமாகப் பதினேழு கற்கள். ஓர் ஓவல்டின் டின்னில் போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளியின் மேசை மேல் வைத்தாள். மெஷினுக்கு முன்னால் ஒரு பலகையையும் தடுப்பாகக் கட்டியிருந்தாள்.

"எல்லாம் எடுத்துட்டேன் முதலாளி. இனிமே வராது."

முதலாளி டின்னைக் குலுக்கிப் பார்த்தார். "இந்தப் பொம்புளயோட ஏலாது" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

அதற்குப் பிறகு அம்மா செய்ததை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஒரு கட்டைக்கு நடு ஒன்றுதான். அம்மா மூன்று நடு வைத்தாள். முதலில் ஒரு புள்ளியில் மாட்டி அடிப்பாகத்தை மட்டும் கடைந்தாள். பிறகு கழற்றி, இரண்டு விரற்கடை தள்ளி வேறொரு புள்ளியில் மாட்டி நடுப்பாகத்தைக் கடைந்தாள். பிறகு மூன்றாவது புள்ளி, மேல்பாகத்துக்கு. ஒவ்வொரு தடவையும் மெஷின் ஆடும். மோட்டார்ப் பட்டியை மிக மெதுவான கப்பிக்கு மாற்றிவிட்டு, இடுப்பை மெஷினோடு சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உளியை வைப்பாள். கட்டை தூரமாகப் போகும்போது உளி காற்றில் நிற்கும், கிட்டே வரும்போது வெட்டும். டக், டக், டக் என்று ஒரு சத்தம். பச்சைத் தேயிலையில்லை, காய்ந்த தேயிலையுமில்லை, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கசப்பான ஒரு வாசம் கொட்டகை முழுக்க நிறையும்.

பன்னிரண்டாவது வெள்ளியில் முடிந்தது. அது என்ன என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கீழே கனமாக ஆரம்பித்து, ஒரு பக்கமாக நழுவி, விழப்போகிற இடத்தில் இறுகி ஒல்லியாகி, மறுபக்கம் திரும்பி எழும்பி நின்றது. ஒரு புறமிருந்து பார்த்தால் விழுவதுபோல் இருக்கும், மறுபுறம் வந்தால் எழும்புவதுபோல் இருக்கும். பூவில்லை, ஆளில்லை, மிருகமில்லை. பொலிஷ் போட்டதும் தேன் நிறம் வந்தது. எனக்கு அதன் மேல் கையை வைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பட்டறை ஜன்னலில் அது இருந்தபோதுதான் பேராதனையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், யாழ்ப்பாணத்து ஆட்கள். மேசைக்கால் செய்யச் சொல்ல வந்தவர், மேசையை மறந்துவிட்டு ஜன்னலருகே போனார்.

"இதை ஆர் செய்தது?"

"நான்தாங்க" என்றாள் அம்மா.

அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார், அவளுடைய கைகளைப் பார்த்தார். "வாற கிழமை கண்டியிலே வாவிக்குப் பக்கத்து மண்டபத்திலே கைவினைக் கண்காட்சி ஒண்டு நடக்குது. திங்கட்கிழமைக்குள்ளே கொண்டுபோய்க் குடுக்கவேணும். ஓம், ஆரும் குடுக்கலாம். நீங்கள் கட்டாயம் குடுங்கோ."

அவர் போன பிறகு அம்மா அதை எடுத்துப் பொலிஷ் துணியால் மறுபடி துடைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நாலு பேரு பாக்குற எடத்துல இது தனியா நிக்கணும். நான் செஞ்சதுன்னு தெரியணும். அவ்வளவுதான் புள்ள." வேறு எதற்கும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே தோட்டத்தில் ஒரு சாவு என்று தகவல் வந்தது. அம்மா சனிக்கிழமை காலையில் கம்பளை பஸ்ஸில் ஏறிப் போனாள், ஞாயிறு பின்னேரம் வருவதாகச் சொல்லி.

அந்த இரண்டு நாளில்தான் அந்தப் பிழை நடந்தது.

முதலாளி ஜன்னலருகே போய் அதைத் தூக்கிப் பார்த்தார். முகம் கவலையாக இருந்தது. "வேல நல்ல வேல. ஆனா ஒத்தயா எப்படி அனுப்புற? கண்டில ஆட்கள் சிரிப்பாங்க. தங்கச்சி பாவம்."

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு, நான் என் காதாலேயே கேட்டேன், "நான் மூணு சேத்துத் தர்றேன்" என்றார்.

புரிகிறதா உங்களுக்கு? கேலி செய்யவில்லை அவர்கள். ஒற்றையாக இருப்பது குறை. குறையோடு அவளை வெளியே அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அப்பா சப்பு மரத்தில் மூன்று கட்டை வெட்டினார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட வேண்டுமென்று நடு தப்பாத மனுஷன், அம்மாவின் புள்ளிகளை அளந்து, மூன்று தடவை, மூன்று கட்டையில், நடு தப்பினார். இரண்டு நாளும் சாப்பிட உட்காரவில்லை. நானும் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் ஒல்லி, அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பார்த்துப் பூரித்துப் போவாள் என்று எனக்கு ஒரே துள்ளல். முதலாளி தன் கையாலேயே ஒரு பலகையை இழைத்தார். நான்கு கால்களின் தலையிலும் துளை போட்டு, மர ஆணி இறக்கி, பசை பூசிப் பலகையோடு சேர்த்தார்கள். ஞாயிறு மத்தியானம் அழகான ஒரு மேசை நின்றது. அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

அம்மா நான்கு மணிக்கு நேரே பட்டறைக்கு வந்தாள். வாசலில் நின்றாள். மேசையை இரண்டு தடவை சுற்றி வந்தாள். குனிந்து ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தாள்.

"இந்த மூணும் நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா" என்றார் அப்பா.

"நடு தப்பியா?"

"தப்பித்தான். வேற எப்பிடி வரும்?"

அம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அப்பாவின் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். புதிதாகக் கொப்பளம் போட்டிருந்தது. "நல்லாருக்கு" என்றாள். பிறகு, "அறுக்குற வாள எடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"என்னோடத எடுத்துக்கணும்."

முதலாளி பதறிவிட்டார். "தங்கச்சி, பச காஞ்சிருச்சு. அறுத்தா மேச விழுந்திரும்."

"விழட்டும் முதலாளி. இது மேசைக்குச் செஞ்சது இல்ல."

"ரெண்டு நாளு ரெண்டு பேரும் ஒனக்காகத்தான்…" என்று அப்பா ஆரம்பித்தார்.

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றாள் அம்மா. அவளே போய் வாளை எடுத்து வந்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் வாளை வைத்து அறுக்கத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்காக அழுதேனா, அப்பாவுக்காக அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை. வாள் முக்கால்வாசி போனதும் பலகை சரியத் தொடங்கியது. அப்பா ஓடி வந்து தோளைக் கொடுத்துத் தாங்கினார். அவள் அறுத்து முடிக்கும்வரை அப்படியே குனிந்து நின்றார். பிறகு அந்தக் கட்டையைக் கையில் வாங்கி, மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"வெட்டு கோணலா இருக்கு. சமன் பண்ணித் தர்றேன்."

"பண்ணுங்க."

அவர் இழைத்துக் கொடுத்தார். மர ஆணியின் வட்டம் மட்டும் மேலே பொட்டுப்போல நின்றுவிட்டது. அதை எடுக்க முடியவில்லை. அந்த மேசைக்கு அப்பா பிறகு நேரான கால் ஒன்று போட்டார். பட்டறையில் தேத்தண்ணி வைக்கும் மேசையாக நெடுங்காலம் இருந்தது, யார் கொண்டு போனார்களோ.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, காய்ச்சல் என்று உங்களிடம் சொன்னேன். அம்மாவோடு கண்டிக்குப் போயிருந்தேன். மடியில் சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் ஒரு கிளாக்கர் படிவம் கொடுத்தார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும், நான் எழுதினேன். பெயர், விலாசம், மரம். அதற்குக் கீழே 'பயன்' என்று ஒரு வரி.

"அம்மா, இது எதுக்குப் பயன்படும்னு கேக்குறாங்க."

"ஒன்னுக்கும் இல்லன்னு எழுது."

"அப்பிடி எழுதலாமா?"

"உண்மையத்தானே எழுதுறோம். எழுது புள்ள."

'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். கிளாக்கர் அதை வாசித்துவிட்டு, கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மேலே அறுத்த தடம், ஆணி வட்டம். "மத்த மூணும் எங்கம்மா?" என்று கேட்டார்.

"மத்த மூணும் மேச. இது வேற" என்றாள் அம்மா. அவர் தலையை ஆட்டினார். புரிந்துகொண்டுதான் ஆட்டினார் என்று நினைத்துவிட்டோம்.

புதன்கிழமை கண்காட்சி தொடங்கியது. அம்மா முதல் நாளே போனாள். அவளுடைய கட்டை ஒரு வெள்ளைப் பெட்டியின் மேல் தனியாகத்தான் நின்றது. முன்னால் டைப் அடித்த ஓர் அட்டை. யாரோ ஒருவரைப் பிடித்து வாசிக்கச் சொன்னாளாம். 'மேசைக் கால் – 1' என்று இருந்தது. அவளுடைய பெயர் எங்கேயும் இல்லை.

கிளாக்கரிடம் போனாள். அட்டையெல்லாம் அடித்து முடிந்தது, இனி மாற்ற முடியாது என்றார் அவர். அம்மா சண்டை போடவில்லை. திரும்பிப் போய்ப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "இது கால் இல்லங்க. நான் கடைஞ்சது." சிங்களவர்களிடம் அதையே சிங்களத்தில் சொன்னாள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை நின்றாள். அடுத்த நாளும் போய் நின்றாள். அப்பா, "எத்தன பேருகிட்ட சொல்லுவ?" என்று கேட்டார். "வர்ற எல்லாருகிட்டயும்" என்றாள். மூன்றாம் நாளும் போனாள்.

நான்காம் நாள் சனிக்கிழமை. நம் வகுப்பை ரீச்சர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குக் கூட்டிப் போனார்களே, இப்போது ஞாபகம் வருகிறதா? வாவிக் கரையில் கச்சான் கடலை வாங்கித் தின்றோம். பிறகு இரண்டிரண்டு பேராக வரிசையில் மண்டபத்துக்குள் போனோம். உண்மையான காய்ச்சல் வரக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

அவள் நின்றாள். செங்கல் நிறச் சேலை, ஓரத்தில் பொலிஷ் கறை. நான்கு நாள் நின்றதில் கால் வீங்கிப்போய், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். வரிசை அவளருகே வந்ததும் ஒவ்வொருத்தியிடமும், "இது கால் இல்ல, புள்ள. நான் கடைஞ்சது" என்றாள். உங்களில் ஒருத்தி, யார் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், "அப்ப ஏன் கோணலா இருக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் களுக்கென்று சிரித்தீர்கள்.

"கோணல் இல்ல. இதுக்கு நடு மூணு" என்றாள் அம்மா.

நீங்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தீர்கள். உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். நானும் சிரித்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போதே பார்த்துவிட்டாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தாள். என் முறை வந்தது. குனிந்துகொண்டே நின்றேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாள் என்று உயிரே போயிற்று. அவள் கூப்பிடவில்லை. குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், உங்களிடம் சொன்னதை அப்படியே என்னிடமும் சொன்னாள். "இது கால் இல்ல, புள்ள. நான் கடைஞ்சது." சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்க்கத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடுப்படிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ நின்ன எடத்துலருந்து நல்லா தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சும்மா" என்றேன்.

"வெளிச்சம் அந்தப் பக்கத்துலருந்துதான் சரி" என்று சொல்லிவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு கடைசி நாள். அன்று காலையில் கிளாக்கர் வந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். வேறு அட்டை வைக்கவில்லை. சாயங்காலம் அப்பா போய்ச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக் கொண்டு வந்தார். "அட்டய எடுத்துட்டாங்க" என்று அம்மா வாசலிலிருந்தே சொன்னாள். பரிசு வாங்கியவர்கள்கூட அன்று அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

அம்மா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, கடைசிவரை அவள் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டு முன்னறையில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியின் மேல் கறுத்துப்போன ஒரு மரம் நிற்கிறதே. வரும்போதெல்லாம் நீங்கள் கைப்பையையும் குடையையும் அதில்தானே மாட்டுகிறீர்கள்? "ஏன்டி, இந்த ஒடஞ்ச மேசைக்கால எதுக்கு வச்சிருக்க?" என்று ஒருத்தி போன மாதம்கூடக் கேட்டாள். நான் வழக்கம்போலச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். இனிமேல் அப்படிப் போக மாட்டேன். யார் வந்தாலும், வாசலிலேயே நிறுத்தி, ஒவ்வொருத்தியிடமும் சொல்லத்தான் போகிறேன்.

அது கால் இல்லை. என் அம்மா கடைந்தது.